பாக்கோட சி மைனர் லார்கோ: எவ்ளோ மெதுவா வாசிக்கிறது?

மேல்நாட்டு இசை நோட்டுக்கு மேல லார்கோன்னு (மெதுவான நடைக்கு இத்தாலியச் சொல்) போட்டிருந்தா போதும், நம்மள்ல பாதிப் பேரு கண்ண மூடிக்கிட்டு இழுக்க ஆரம்பிச்சிருவோம். அதுலயும் கீ, அதாவது பீஸ் நிக்கிற ஸ்வரமும் ஸ்கேலும், மைனர்னா (சோகமா கேக்குற வகை) கேக்கவே வேணாம், இழவு வீட்டு முகம் வந்துரும். நான் சொல்ல வர்றது என்னன்னா, பரோக் காலத்து (சுமாரா 1600ல இருந்து 1750 வரைக்கும்) மெதுவான பீஸ்ல சோகத்த முதல்ல முடிவு பண்ணிட்டு அதுக்கேத்த மாதிரி வேகத்தக் குறைக்கக் கூடாது, வேகத்தையும் சுருதியையும் ஒழுங்கா கண்டுபிடிச்சுட்டா அந்த மனநிலை தானா வந்து உக்காந்துக்கும். இது ரொம்ப நாளா ஒரே பீஸ்ல மல்லுக்கட்டுனதுல வந்த அபிப்பிராயம், அதனால அந்த பீஸ வச்சே சொல்றேன்.

நான் இப்ப ஜெர்மனில லைப்சிக்ல இருக்கேன். ஐடி வேலை, சாயங்காலம் வயலின். சின்ன வயசுல சென்னைல கிரேடு எக்ஸாமெல்லாம் குடுத்து கத்துக்கிட்டது, நடுவுல பல வருஷம் பெட்டியத் தொறக்கவே இல்ல. இங்க பக்கத்துத் தெருவுல ரிட்டையர்டு பிசிக்ஸ் வாத்தியார் ஒருத்தர், வீட்ல ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தின கீபோர்டு, கம்பிய மீட்டி ஒலிக்கும்) வச்சிருக்கார், கிட் வாங்கி அவரே கோர்த்துச் செஞ்சது. ஆள் எதையும் கணக்கு போட்டுதான் பேசுவார். நாங்க ரெண்டு பேரும் சேந்து வாசிக்கிறது ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கோட ஆறு வயலின் சொனாட்டா, அவரோட படைப்புப் பட்டியல்ல பிடபிள்யூவி 1014ல இருந்து 1019 வரைக்கும். அதுல நாலாவது, சி மைனர், 1017. அதோட முதல் மூவ்மென்ட்தான், முதல் அத்தியாயம் மாதிரி, இந்த லார்கோ.

இந்த ஆறும் கொஞ்சம் வித்தியாசமான சரக்கு. அந்தக் காலத்துல வயலின் சொனாட்டான்னா கீபோர்டுக்காரருக்கு வெறும் பேஸ் லைனும் அதுக்கு மேல நம்பரும்தான் இருக்கும், வலது கைல என்ன கார்டு (ஒண்ணா ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) போடணும்னு அவரே அங்கங்க பாத்து நிரப்பிக்கணும். பாக் இதுல வலது கையையும் முழுசா எழுதிக் குடுத்துட்டார். அதனால வாசிக்கிறது ரெண்டு பேருன்னாலும் கேக்குறது மூணு குரல். பாக்கோட பையன் கார்ல் பிலிப் எமானுவேல் 1774ல எழுதுன ஒரு கடிதத்துல அப்பாவோட நல்ல படைப்புகள்ல இதுவும் ஒண்ணு, 50 வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் நல்லாதான் கேக்குது, இதுல வர்ற சில அடாஜியோவ (மெதுவான மூவ்மென்ட்) இன்னைக்கும் இதவிடப் பாட்டு மாதிரி எழுத முடியாதுன்னு சொல்றார். வாசிச்சுப் பாத்தா அது மகன் பாசத்துல சொன்னதில்லன்னு தெரியும்.

சரி, வேகத்துக்கு வருவோம்.

இதுல ஒரு விஷயம், சில பதிப்புல லார்கோன்னு மட்டும் இருக்கும், பழைய பாக் தொகுப்பு மாதிரி சிலதுல சிசிலியானோன்னும் சேத்து போட்டிருக்கும். சிசிலியானோன்னா சிசிலித் தீவு இடையர்களோட நடனம்னு அந்தக் காலத்துக்காரங்க நெனச்சுக்கிட்ட ஒரு நடை, தாளக் குறி ஆறு எட்டுலயோ பன்னெண்டு எட்டுலயோ வரும். நம்மூரு பாஷைல சொன்னா திஸ்ரம். தகிட தகிடன்னு வாயால சொல்லிப் பாருங்க, அதுல முதல் எழுத்த ஒன்றரை அளவுக்கு நீட்டி, ரெண்டாவத அரையா சுருக்கி, மூணாவத ஒண்ணா விட்டா சிசிலியானோ நடை வந்துரும். வயலின எடுக்குறதுக்கு முன்னாடி இத வாயால சொல்லிக்கிட்டே வீட்டுக்குள்ள நடக்குறது என் பழக்கம், ஒரு தகிடவுக்கு ஒரு அடி. நடக்க முடியாத அளவுக்கு மெதுவா போச்சுன்னா அது நடனமும் இல்ல, லார்கோவும் இல்ல. லார்கோன்னா ஆக மெதுவுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு தகவல், பர்செல்ங்கற இசையமைப்பாளர் 1683ல வெளியிட்ட சொனாட்டா முன்னுரைல அடாஜியோவையும் கிராவேயையும்தான் ரொம்ப மெதுவுன்னு சொல்றார், லார்கோவ நடுத்தர வேகத்துல வைக்கிறார். இங்கிலாந்துக்காரர் வேற, அம்பது வருஷம் போனா அர்த்தம் மாறும், ஊருக்கு ஊரு மாறும், எல்லாம் சரிதான். ஆனா அந்த ஒத்த வார்த்தைய மட்டும் நம்பி மெட்ரோனோம் (டிக் டிக்குன்னு வேகத்த எண்ணிக் காட்டுற கருவி) வைக்காதீங்கங்கறதுக்கு இதுவே போதும்.

மெட்ரோனோமே பாக்குக்குத் தெரியாது. அவர் எறந்தது 1750, மெல்சல்ங்கறவர் மெட்ரோனோமுக்கு பேட்டன்ட் வாங்குனது 1815. அப்ப வேகத்த எப்படி அளந்தாங்கன்னா, குவான்ட்ஸ்னு ஒருத்தர், பிரஷ்யா ராஜா ஃபிரெட்ரிக்கோட புல்லாங்குழல் வாத்தியார், 1752ல ஒரு பெரிய புஸ்தகம் போட்டார், அதுல நாடித்துடிப்ப வச்சு அளக்கச் சொல்றார். நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 80 துடிப்பு. யாரோட நாடின்னும் சொல்லிருக்கார், மத்தியானம் சாப்ட்டதுக்கு அப்புறம் சாயங்காலம் வரைக்கும், அதுவும் குஷியான, கொஞ்சம் சூடான சுபாவக்காரன் நாடியாம். பிசிக்ஸ் வாத்தியாருக்கு இந்த இடம் படிச்சதுல ஒரே சந்தோஷம், உடனே என் கைய பிடிச்சுப் பாத்துட்டு, நீங்க இதுக்கு லாயக்கில்ல, ரொம்ப சாந்தமா இருக்கீங்கன்னுட்டார்.

ஆனா அந்தப் புஸ்தகத்துல சிசிலியானோவுக்குன்னே ஒரு கணக்கு இருக்கு, அதுதான் எங்களுக்குக் கெடச்ச பெரிய பிடி. ஒவ்வொரு க்வேவருக்கும் (தகிடல ஒரு எழுத்து அளவு) ஒரு நாடித்துடிப்பு வச்சா ரொம்ப மெதுவாயிடும், அதனால ரெண்டு துடிப்புக்குள்ள மூணு க்வேவர அடக்குங்கங்கறார். கணக்கு போடுங்க. 80 துடிப்புன்னா ரெண்டு துடிப்புக்கு ஒன்றரை செகண்ட், அதாவது ஒரு தகிட ஒன்றரை செகண்ட், நிமிஷத்துக்கு 40. சாவி குடுக்குற பழைய மெட்ரோனோம்ல ஆகக் குறைஞ்ச எண்ணே 40தான், அதுல வச்சுப் பாத்தா ஆரம்பத்துல ஓடுற மாதிரி இருக்கும், ஏன்னா நம்ம காதுல பழகுன ரெக்கார்டிங் பலது இதவிட மெதுவு. அதோட நிக்காம, சிசிலியானோவ ரொம்ப எளிமையா வாசிங்க, அலங்காரம் அதிகம் போடாதீங்க, ரொம்ப மெதுவா போகாதீங்கன்னும் தெளிவா எழுதிருக்கார்.

இத அப்படியே சட்டமா எடுத்துக்கச் சொல்லல. குவான்ட்ஸ் பெர்லின், பாக் லைப்சிக், எழுதுனதும் பாக் போனதுக்கு அப்புறம். நாங்க 30ல வாசிச்சுப் பாத்தோம், 34ல பாத்தோம், 40ல பாத்தோம், ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி மறுநாள் கேட்டோம் (அன்னைக்கே கேக்காதீங்க, அன்னைக்கு நம்ம வாசிச்சது நமக்கு எப்பவும் நல்லாதான் இருக்கும்). 30ல வயலின் தனியா ரொம்ப உருக்கமா இருந்துச்சு, ஆனா ஹார்ப்சிகார்ட் வலது கை முழுக்க செமிக்வேவரா (க்வேவர்ல பாதி) பிரிச்சுப் பிரிச்சு ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு தகிடவுக்கு ஆறு நோட்டு, 30ல அது செகண்டுக்கு மூணு. ஹார்ப்சிகார்ட்ல கம்பிய மீட்டுன உடனே சத்தம் தேய ஆரம்பிச்சுரும், அழுத்திப் பிடிச்சாலும் வளராது, அந்த வேகத்துல ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா டொக் டொக்குன்னு விழுந்துச்சு, கார்டா சேரவே இல்ல. 40ல செகண்டுக்கு நாலு. அங்கதான் அந்த ஆறும் ஒண்ணா சேந்து ஒரு ஊஞ்சல் ஆட்டம் வந்துச்சு. கடைசில 36, 38 பக்கம் நின்னோம், லார்கோவோட ரெண்டு பாதியையும் திரும்ப வாசிச்சா சுமாரா நாலு நிமிஷம் வருது.

இதுல இருந்து நான் எல்லாருக்கும் சொல்றது, வேகத்த மெலடிய வச்சு முடிவு பண்ணாதீங்க. கீபோர்டுக்காரர மட்டும் தனியா வாசிக்கச் சொல்லி, வயலின மடில வச்சுக்கிட்டு கேளுங்க. எந்த வேகத்துல அவரோட பாகம் மட்டுமே கேக்க நல்லா இருக்கோ அதுதான் வேகம், அதுக்குள்ள உங்க மெலடிய வச்சுக்கோங்க. பியானோல வாசிக்கிறவங்களா இருந்தா பெடல் இல்லாம வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க, பெடல் போட்டா எல்லா வேகமும் நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்திரும். அப்புறம் நீங்க பேஸ் லைன வயலின்லயே ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க. இத யாரும் செய்ய மாட்டாங்க, நம்ம பாகத்தையே ஒழுங்கா வாசிக்க நேரமில்லன்னுவாங்க, ஆனா பேஸ் எங்க நடக்குது எங்க நிக்குதுன்னு கைக்குத் தெரிஞ்சா எங்க மூச்சு விடணும்ங்கறது பாதி தீந்துரும்.

எடமும் முக்கியம். அவர் வீட்டு ஹால்ல கார்ப்பெட்டு, புஸ்தக அலமாரி, சத்தம் உடனே செத்துரும். அதே பீஸ ஒரு சின்ன சர்ச்ல வாசிச்சப்ப கல் சுவர்ல பட்டு எதிரொலி நிக்குது, அங்க 38 நெரிசலா இருந்துச்சு, தானா 35 பக்கம் இறங்குனோம். அதனால எண்ண நோட்டுல பேனாவால எழுதாதீங்க, பென்சில் போதும்.

இப்ப கீ.

சி மைனருக்குன்னு ஒரு குணம் இருக்கான்னு கேட்டா இன்னைக்கு நெறைய பேரு சிரிப்பாங்க, எல்லா மைனரும் ஒண்ணுதானே, அரை ஸ்வரம் ஏத்தி எறக்குனா என்ன மாறப் போகுதுன்னு. பியானோல வேணா அது ஓரளவு சரி. வயலின்ல சரியில்ல. வயலினோட திறந்த தந்தி நாலும் ஜி, டி, ஏ, ஈ. டி மேஜர்ல வாசிச்சா நாலும் அந்த ஸ்கேல்ல இருக்கு, நீங்க தொடாத தந்தியும் கூடவே அதிர்ந்து குடுக்கும், சத்தம் பளிச்சுன்னு வரும். சி மைனர்ல ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், அதாவது ஈக்கும் ஏக்கும் அரை ஸ்வரம் கீழ. அதனால மேல் தந்தி ரெண்டும் பெரும்பாலும் கூட ஒலிக்காது, ஜியும் டியும் மட்டும்தான் துணைக்கு. சத்தம் லேசா திரை போட்ட மாதிரி ஆகிரும். நீங்க ஒண்ணுமே செய்யல, இன்னும் உணர்ச்சியே போடல, மரமும் தந்தியும் சேந்து பாதி மனநிலைய ஏற்கனவே குடுத்துருச்சு. இதுக்கு மேல நீங்களும் சோகத்தக் கொட்டுனா அது டபுளாயிரும்.

ஹார்ப்சிகார்ட்லயும் இதே கததான், ஆனா காரணம் வேற. எல்லா கீயும் சமமா இருக்கிற இன்னைக்கு பியானோ சுருதி அவர் வைக்கிறதில்ல, வலோட்டின்னு ஒரு முறை, பாக் இதத்தான் வச்சிருந்தார்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா இப்ப பரோக் வாசிக்கிறவங்க நிறைய பேரு இத வைக்கிறாங்க. இதுல ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு மாதிரி. மேஜர் தேர்டுன்னா மேஜர் கார்டோட அடி நோட்டுக்கும் நடு நோட்டுக்கும் உள்ள இடைவெளி, அத சென்ட்டுல அளப்பாங்க, பியானோல அரை ஸ்வரம் 100 சென்ட்டு. சுத்தமான மேஜர் தேர்டு 386 சென்ட்டு, பியானோல எல்லாமே 400. வலோட்டில ஜி மேஜர் கார்டோட தேர்டு 392 பக்கம், இனிமையா இருக்கும், ஏ ஃப்ளாட் மேஜரோடது 404 பக்கம், கொஞ்சம் கரகரன்னு இழுத்துப் பிடிச்ச மாதிரி. சி மைனர் பீஸ்ல இந்த ரெண்டும் மாறி மாறி வரும். அதனால ஏ ஃப்ளாட் கார்டு வர்ற எடத்துல வலிக்குது, ஜிக்கு வந்தா ஆறுது. வயலின்காரர் அந்த எடத்துல தனியா அழுத்தம் குடுக்கவே வேணாம், கீபோர்டுக்கு காது குடுத்து அதுகூட சேந்துக்கிட்டா போதும். சுருதி சேர்க்கும்போது எலக்ட்ரானிக் ட்யூனர தூக்கி வச்சுட்டு ஹார்ப்சிகார்டோட ஏ, டி, ஜி ஒவ்வொண்ணா வாங்கி சேருங்க, ஏ மட்டும் வாங்கிட்டு மத்தத சுத்தமான அஞ்சாம் ஸ்வரமா வச்சீங்கன்னா ஜி தந்தி அவரோட ஜிக்கு கீழ போயிருக்கும்.

ஏ நோட்ட இன்னைக்கு வழக்கமான 440 ஹெர்ட்ஸ்ல வைக்காம, பரோக்குக்குன்னு 415ல வச்சு வாசிக்கிறவங்களுக்கு இன்னொரு கூத்து இருக்கு. 440 பழகுன காதுக்கு 415ல சி மைனர் வாசிச்சா பி மைனராதான் கேக்கும். பி மைனர்ல பாக்கோட பிரபலமான சிசிலியானோ ஒண்ணு இருக்கு, ஏசு பாடுபட்ட கதைய வச்சு அவர் எழுதுன மத்தேயு பாஷன்ல வர்ற எர்பார்மெ டிஷ்ங்கற பாட்டு, ஆல்டோ குரலுக்கும் தனி வயலினுக்கும் எழுதுனது, பீட்டர் ஏசுவ மறுதலிச்சுட்டு அழுததுக்கு அப்புறம் வரும். அதுவும் கீழ இருந்து ஒரு மைனர் சிக்ஸ்த் (எட்டு அரை ஸ்வரம்) தாவிதான் தொடங்கும், நம்ம லார்கோவும் அப்படித்தான், ஜில இருந்து ஈ ஃப்ளாட்டுக்கு ஒரே தாவல். ரெண்டும் ஒட்டிப் பொறந்தது மாதிரி இருக்கிறதால எல்லாரும் அந்த அழுகைய இங்க கொண்டு வந்து ஊத்துறாங்க. இன்னொரு கோஷ்டி, பாக்கோட முதல் மனைவி மரியா பார்பரா 1720ல அவர் ஊர்ல இல்லாத நேரத்துல எறந்துட்டாங்க, அந்த துக்கம்தான் இதுன்னு கத சொல்லும். எறந்தது உண்மை, அவர் அப்ப வேலை பாத்த கோத்தன் இளவரசர் லெயோபோல்ட்கூட கார்ல்ஸ்பாட் போயிருந்ததும் உண்மை, இந்த லார்கோவுக்கும் அதுக்கும் முடிச்சு போட ஒரு ஆதாரமும் இல்ல. கத தெரிஞ்சா கை கனமாகும், வில்லு மெதுவாகும், அவ்ளோதான் நடக்கும்.

இதவிட உருப்படியா ஒருத்தர் எழுதிருக்கார். ஹாம்பர்க்ல இருந்த மத்தேசன், 1713ல போட்ட புஸ்தகத்துல ஒவ்வொரு கீயோட குணத்தையும் வரிசையா சொல்றார். சி மைனர் ரொம்ப இனிமையானது, கூடவே சோகமானதுங்கறார். அது எதிர்பார்த்ததுதான். அடுத்து சொல்றதுதான் விஷயம், இந்த இனிமை சீக்கிரம் திகட்டிரும், அதனால கொஞ்சம் துடிப்பான நடைல வச்சு உயிர் குடுக்கணும், இல்லன்னா கேக்குறவனுக்கு தூக்கம் வந்துரும்ங்கறார்! முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் சி மைனர இழுக்காதீங்கடான்னு சொல்லிட்டுப் போயிருக்கார், நாம இன்னும் இழுத்துக்கிட்டிருக்கோம். ஆனா இதுமாதிரி பட்டியல எல்லாத்தையும் வேதமா எடுத்துக்காதீங்க, அந்தக் காலத்துலயே ஒருத்தருக்கொருத்தர் ஒத்துக்கல. எனக்கு இதுல கெடச்சது ஒண்ணுதான், கீயும் வேகமும் ஒண்ண ஒண்ணு சரிக்கட்டணும்னு அவங்க யோசிச்சிருக்காங்க.

கைக்கு வேண்டியது கொஞ்சம். அந்த முதல் தாவல்ல ஈ ஃப்ளாட்ட ஃபர்ஸ்ட் பொசிஷன்ல (கை வயலின் கழுத்தோட நுனில) எடுத்தா ஏ தந்தில நாலாவது விரல் பின்னாடி இழுத்து வரணும், பீஸோட உசுரான நோட்டு போயும் போயும் சுண்டுவிரல்ல. தேர்டு பொசிஷன்ல (கைய கொஞ்சம் உள்ள தள்ளி) தொடங்குங்க, ஜிக்கு டி தந்தில முதல் விரல், ஈ ஃப்ளாட்டுக்கு ஏ தந்தில ரெண்டாவது விரல், கைக்கும் நிம்மதி, சத்தமும் உருண்டு வரும். தாவி மேல போனதும் அந்த நோட்ட குத்தாதீங்க, மேல நோட்டு எப்படியும் கேக்கும், கீழ ஜிக்கு கொஞ்சம் வெயிட் குடுங்க. ஒன்றரை நோட்டுக்கே வில்லு முழுசையும் செலவழிச்சுட்டு அரை நோட்டுக்கு அவசரமா இழுத்தீங்கன்னா நொண்டியடிக்கும், அரை நோட்டுக்கு வில்லு ரொம்பக் கொஞ்சம், அதுவும் லேசா. வைப்ரட்டோ (விரல ஆட்டி நோட்ட நடுக்குறது) நீளமான நோட்டுல மட்டும், அதுவும் நோட்டு தொடங்குன பிறகு. பெரிய மொசார்ட்டோட அப்பா லியோபோல்ட் மொசார்ட்டு 1756ல வந்த அவரோட வயலின் புஸ்தகத்துல, சில பேரு ஓயாத காய்ச்சல் வந்தவன் மாதிரி எல்லா நோட்டையும் நடுக்குறாங்கன்னு கடுப்பாகி எழுதிருக்கார். அது இன்னும் நிக்கல.

வீடியோ கால்ல அம்மா ஒரு தடவ இத கேட்டாங்க. கர்நாடக சங்கீதம் கேட்டு வளந்த காது. முழுசா கேட்டுட்டு, "என்னடா, கீரவாணி மாதிரி ஆரம்பிச்சே, ஒரு எடத்துலயும் உக்கார மாட்டேங்குற"ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த இசைக்கு நம்ம பக்கத்துல இருந்து வந்த சரியான விமர்சனம் அது. மேல நிஷாதம் பி நேச்சுரலா இருக்கிற எடத்துல ஸ்வரம் கீரவாணிதான், பி ஃப்ளாட்டா இருந்தா நடபைரவி. அதுல காந்தாரத்த சட்ஜமா வச்சுக்கிட்டா சங்கராபரணம், அதாவது ஈ ஃப்ளாட் மேஜர். ஆனா நம்மகிட்ட தம்புரா ஒரே சட்ஜத்துல நிக்கும், இங்க பேஸே நகந்துரும், ஒரே நோட்டு அடுத்த பார்ல வேற உறவாயிரும். கர்நாடக வயலின் வாசிக்கிறவங்க இத வாசிக்க வந்தா காந்தாரத்துல கமகம் தானா வரும், கைய பிடிச்சு நிறுத்த வேண்டியிருக்கும், ஏன்னா அந்த ஈ ஃப்ளாட் ஆடாம நின்னாதான் கீழ கார்டு மாறுறது தெரியும். காலம் பிடிக்கிறதுல மட்டும் அவங்கள அடிச்சுக்க ஆளில்ல, விளம்ப காலத்துல நிதானமா நிக்கிற பழக்கம் அப்படியே இங்க உதவும்.

திரும்ப வாசிக்கும்போது அலங்காரம் போடலாமான்னு கேப்பாங்க. போடலாம், கொஞ்சமா. பாக் ஏற்கனவே நிறைய எழுதியே வச்சுட்டார், நாம மேல ஏத்துனா தகிட நடை புதைஞ்சு போயிரும். ரெண்டாவது தடவ சத்தத்தக் குறைச்சு வாசிக்கிறதே எங்களுக்குப் போதுமா இருக்கு, ஹார்ப்சிகார்ட்ல அவர் ஒரு வரிசைக் கம்பிய நிறுத்திட்டு ஒரே வரிசைல வாசிப்பார்.

இப்ப அதே சொனாட்டாவோட மூணாவது மூவ்மென்ட்ட எடுத்திருக்கோம், அடாஜியோ, ஈ ஃப்ளாட் மேஜர், முக்கால் தாளம். கீ மேஜர்தான், ஆனா லார்கோவவிட இதுதான் எனக்கு கனமா இருக்கு, வயலின் கீழ் தந்திகள்லயே அலையுது, ஃபோர்ட்டே (சத்தமா), பியானோ (சன்னமா)ன்னு பாக்கே மாத்தி மாத்தி குறிச்சிருக்கார். இதுல சண்டை வேற மாதிரி. ஹார்ப்சிகார்ட் வலது கைல ட்ரிப்லெட் (ஒரு எண்ணிக்கைக்குள்ள சமமா மூணு நோட்டு) ஓடுது, வயலின்ல புள்ளி வச்ச ரிதம் (முக்கால் அளவுக்கு ஒரு நோட்டு, கால் அளவுக்கு ஒரு சின்ன நோட்டு). என்னோட சின்ன நோட்டு ட்ரிப்லெட்டோட மூணாவது நோட்டுகூட சேந்து விழணுமா, அதுக்கும் பின்னாடி தனியா விழணுமா? பாக்கோட பையன் 1753ல வந்த அவரோட புஸ்தகத்துல சேத்து வாசிங்கங்கறார், குவான்ட்ஸ் அதெல்லாம் கிடையாது பின்னாடிதான் விழணும்ங்கறார், இத்தனைக்கும் ரெண்டு பேரும் ஒரே ராஜா அரண்மனைல ஒண்ணா வேலை பாத்தவங்க. வாத்தியார் குவான்ட்ஸ் கட்சி, நாடிக் கணக்குல மயங்குன ஆளாச்சே. நான் பையன் கட்சி, இந்த வேகத்துல தனியா விழுந்தா மெலடி விறைப்பாயிடுதுன்னு தோணுது. போன வாரம் ரெண்டு மாதிரியும் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கோம், அவர் இன்னும் கேக்கல.